விடாத அடிவயிற்று வலியும் பால்வினைத் தொற்று பயமும்: கம்பம், போடி, குமுளி பக்கத்தவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடிவயிறு வலித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வலி தீரவில்லை. "இது அந்த மாதிரி நோயாக இருக்குமோ" என்ற எண்ணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் மனதில் ஏறுகிறது. ஏறியபின் இரண்டில் ஒன்று நடக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது மெடிக்கல் ஷாப்பில் கேட்டுக் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

நாள்பட்ட அடிவயிற்று வலிக்குக் காரணங்கள் பல. சிலவற்றைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். ஆனால் தொற்றா இல்லையா என்பதை மட்டும் சரியான நாளில், சரியான மாதிரியை எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் முடிவாகத் தெரிந்துகொள்ளலாம். அதை ஒரே தடவை ஒழுங்காகச் செய்து, ஆம் என்றால் முழு சிகிச்சை எடுத்து, இல்லை என்றால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவை இருந்தால் இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தீட்டு தள்ளிப்போயிருக்கிறது, ஒரு பக்கமாக வலி, லேசான உதிரப்போக்கு அல்லது தலைசுற்றல் என்றால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கும், காப்பர்-டி போட்டவருக்கும் அரிதாக இது நேரும். அடிவயிற்று வலியோடு வரும், கருத்தரிக்கும் வயதுள்ள எந்தப் பெண்ணுக்கும் முதல் பரிசோதனை கர்ப்ப டெஸ்ட்தான். "வாய்ப்பே இல்லை" என்று சொல்லி அதைத் தவிர்க்க வேண்டாம்.

திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆண்களுக்கு ஒரு விரையில் திடீர் வலியும் வீக்கமும் வந்தால் விரை முறுக்கம். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரலாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வலி, வலது கீழ் வயிற்றில் மோசமாகிக்கொண்டே போகும் வலி, கர்ப்பகாலத்தில் காய்ச்சலோடு வரும் வலி எல்லாமே அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

எங்கே போவது

ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் போய் வருகிறவர்கள் எந்த மாநில மருத்துவமனைக்கும் போகலாம். வேலை ஒரு பக்கம், ரேஷன் கார்டு மறுபக்கம் என்பது தடையில்லை.

பால்வினைத் தொற்றுக்கான அரசு கிளினிக்குகள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் இதைச் சுகவாழ்வு மையம் என்பார்கள், கேரளத்தில் புலரி. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம், கேரளத்தில் ஜோதிஸ். பரிசோதனை இலவசம். பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனை, க. விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி, கேரளப் பக்கம் செறுதோணி அருகே இடுக்கி மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் தொடங்குவது நல்லது. மகப்பேறு, தோல், சிறுநீரகம் என்று பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருந்தால் அலைச்சல் குறையும். அருகில் எந்த மையம் என்று 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

சீட்டு போடும் இடத்தில் எல்லார் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் "மகப்பேறு பிரிவு", ஆண்கள் "தோல் பிரிவு" என்று மட்டும் சொன்னால் போதும். மலையாளம் மட்டும் பேசும் மருத்துவரிடம் வெள்ளைப்படுதலை "வெள்ளபோக்கு" என்றால் புரியும்.

எச்.ஐ.வி. பற்றி ஒன்று: 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. திருமணமான பெண்ணுக்குப் பரிசோதனை செய்யக் கணவர் கையெழுத்து தேவையில்லை.

மருத்துவரிடம் என்ன சொல்வது

நம் பக்கத்து மருத்துவமனைகளில் "கல்யாணம் ஆயிருச்சா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி, உடலுறவு நடந்திருக்கிறதா என்பதுதான். திருமணமாகாதவர் "இல்லை" என்று நிறுத்திக்கொண்டால் தொற்றுப் பரிசோதனையை யாரும் எழுத மாட்டார்கள். கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. "கல்யாணம் ஆகலை, ஆனா உறவு இருந்திருக்கு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குடும்பப் பெண், கணவர் ஒருவர்தான் என்பதாலேயே தொற்று இருக்காது என்று விட்டுவிடுவது. கணவர் லாரி ஓட்டி வாரக்கணக்கில் வெளியில் இருப்பவராக இருந்தாலும் அப்படியே விடுகிறார்கள். அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யாமலேயே தொற்று வந்திருக்கலாம்.

வலி எப்போது தொடங்கியது, தீட்டோடு சேர்ந்து வருகிறதா, உறவின்போது உள்ளே ஆழத்தில் வலிக்கிறதா, உறவுக்குப் பின் இரத்தம் படுகிறதா, வெள்ளைப்படுதலின் நிறமும் வாடையும் மாறியதா, நீர்க்கடுப்பு உண்டா, கடந்த 60 நாளில் யாரோடு உறவு, ஆணுறை இருந்ததா, வாய்வழி, ஆசனவாய்வழி உறவு உண்டா, காப்பர்-டி எப்போது போட்டது, கருக்கலைப்பு சமீபத்தில் நடந்ததா. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டலாம். இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் அட்டைகளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், காலி அட்டையானாலும் சரி.

18 வயதுக்குக் குறைந்தவரானால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் கருக்குழாய் பாழாகும். ஆகவே நம்பத்தக்க பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உடனே போக வேண்டும்.

பரிசோதனை: மாதிரியும் நாளும் தவறினால் முடிவும் தவறும்

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

லேபில் "எஸ்.டி.டி. பேனல்" (பால்வினைத் தொற்றுத் தொகுப்பு) என்று விற்கப்படும் தொகுப்புகளில் பல முழுக்க முழுக்க இரத்தப் பரிசோதனைகள். சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு இரத்தம் சரி. ஆனால் அடிவயிற்று வலியை உண்டாக்கும் முக்கியத் தொற்றுகள் கிளமிடியாவும் கொனோரியாவும். அவை இருக்கிற இடம் கருப்பை வாயும் சிறுநீர்க் குழாயும். அங்கிருந்து மாதிரி எடுத்து என்.ஏ.ஏ.டி. அல்லது பி.சி.ஆர். எனப்படும் மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். "கிளமிடியா ஐ.ஜி.ஜி." என்ற, எதிர்ப்பொருளைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை எப்போதோ வந்துபோன தொற்றையும் காட்டும், இப்போது இருக்கிறதா என்று சொல்லாது. ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பதும் உங்கள் வலிக்கு விளக்கம் ஆகாது. இந்த இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு தூக்கம் இழக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஆண்கள் கொடுக்க வேண்டியது முதலில் வரும் சிறுநீர். கடைசியாக மூத்திரம் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் வரும் 20 முதல் 30 மி.லி. மட்டும் பிடிக்க வேண்டும். முன்கூட்டிக் கழுவ வேண்டாம். நீர்க்கடுப்புக்கான யூரின் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) இதற்கு நேர் எதிர்: கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு பரிசோதனைக்கும் ஒரே டப்பாவைக் கொடுத்தால் ஒன்று வீண். மலையிலிருந்து இரண்டு மணி நேரம் ஜீப்பில் வந்தவர் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய்விட்டுப் பிறகு லேபுக்கு வருவதும் அன்றாடம் நடப்பதுதான். டப்பாவை முதலில் வாங்குங்கள்.

பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பின் உள்ளிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் ஸ்வாப் நம்பகமானது. அதைத் தாமே எடுத்துக்கொடுக்கலாம். ஏறக்குறைய 5 செ.மீ. உள்ளே விட்டு, 10 முதல் 30 வினாடி மெதுவாகச் சுழற்றி, வெளியே எடுக்கும்போது தொடையில் படாமல் குழாயில் போட வேண்டும். முந்தைய நாளிலிருந்து உள்ளே கழுவுவது, வைப்பு மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். டிரைக்கோமோனாஸ் கிருமியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதானால் மாதிரி எடுத்த சில நிமிடங்களிலேயே பார்க்க வேண்டும். தாமதித்தால் அதன் அசைவு நின்று, இருப்பதும் தெரியாமல் போகும்.

நாள் கணக்கு இது. சந்தேகப்படும் உறவுக்குப் பிறகு கிளமிடியா, கொனோரியாவுக்கு 2 வாரம். எச்.ஐ.வி.க்கு நான்காம் தலைமுறை லேப் பரிசோதனையானால் 45 நாள். விரல் நுனி இரத்தத்தில் செய்யும் ரேபிட் பரிசோதனையானால் 3 மாதம். சிபிலிஸுக்கும் 3 மாதம். அறிகுறி இருப்பவர் இந்த நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. உடனே போய், நாள் முடிந்ததும் மறுபடி ஒருமுறை செய்தால் போதும். உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு, உடனே கேளுங்கள்.

பரிசோதனைக்கு முன் அசித்ரோமைசின் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தால் முடிவு குழம்பும். சிகிச்சை முடிந்து 4 வாரத்துக்குள் மறுபடி பி.சி.ஆர். செய்தால் செத்த கிருமியின் எச்சமே பாசிட்டிவாகக் காட்டலாம்.

யூரினில் பஸ் செல் (சீழ் அணு) இருக்கிறது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் அதை "ஒன்றுமில்லை" என்று ஒதுக்காதீர்கள். கிளமிடியா, கொனோரியா, காசநோய் மூன்றும் சாதாரண கல்ச்சரில் வளராது.

பெண்களுக்கு: பரிசோதனை முடிவு வருமுன்னே சிகிச்சை தொடங்கலாம்

கருப்பை, கருக்குழாய் அழற்சியை (பி.ஐ.டி.) எந்த ஒரு லேப் பரிசோதனையும் முழுதாக விலக்காது. ஸ்கேன் நார்மலாக இருக்கலாம். மருத்துவர் கையுறை போட்ட விரலால் உள்ளே பரிசோதிக்கும்போது கருப்பை வாயை அசைத்தால் வலிப்பதோ, கருப்பையிலோ அதன் பக்கத்திலோ தொட்டால் வலிப்பதோதான் முக்கியத் தடயம். இந்தப் பரிசோதனை இல்லாமல் "பி.ஐ.டி." என்று எழுதிக்கொடுத்தால், ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். உறவே நடந்திராதவருக்கு இது செய்வதில்லை. பெண் உதவியாளர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

தடயம் இருந்தால் உடனே மாத்திரை தொடங்குவது சரியான முறைதான், ஏனெனில் தாமதம் கருக்குழாயை அடைக்கும். அரசு கிளினிக்குகளில் அடிவயிற்று வலிக்கென்று தேசியத் திட்டம் வகுத்தது மஞ்சள் நிறக் கிட்: செஃபிக்ஸிம் 400 மி.கி. ஒரே ஒரு தடவை; டாக்சிசைக்ளின் 100 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரண்டும் காலை மாலை 14 நாள். அதாவது ஒவ்வொன்றிலும் 28 மாத்திரை. செஃபிக்ஸிமுக்குப் பதில் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போடுவதும் உண்டு. இதைச் சொல்வது நீங்களே வாங்கிச் சாப்பிட அல்ல, கையில் கொடுத்தது முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க. கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது.

தவறுவது எங்கே என்றால், நான்காம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மெட்ரோனிடசோல் வாயில் இரும்புச் சுவையும் குமட்டலும் தரும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாங்கலாம்; மது கூடாது. டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையேல் உணவுக்குழாயில் புண்ணாகும். பால், இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில் வகை மருந்துகளோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஏறாது. வெயிலில் தோல் கருகும். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டே போக வேண்டும்.

மூன்றாம் நாள் கட்டாயம் மறுபடி காட்டுங்கள். 72 மணி நேரத்தில் கொஞ்சமும் தேறவில்லை என்றால் நோயே வேறாக இருக்கலாம், சீழ்க்கட்டி இருக்கலாம், அல்லது காப்பர்-டியை எடுப்பதா என்று பார்க்க வேண்டியிருக்கும். காப்பர்-டியை முதல் நாளே எடுக்கத் தேவையில்லை. போட்ட முதல் 3 வாரத்தில்தான் அதனால் தொற்று வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அழற்சி எல்லாமே பால்வினைத் தொற்று அல்ல. பிறப்புறுப்பில் சாதாரணமாக வாழும் கிருமிகளும் மேலேறி இதை உண்டாக்கும். "பி.ஐ.டி." என்று சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து வீட்டில் யார்மீதும் பழி போடக் கூடாது.

துணைவர்

பாசிட்டிவ் வந்தால், கடந்த 60 நாளில் உறவு கொண்டவர் எல்லாருக்கும் சிகிச்சை வேண்டும், அறிகுறி இல்லாவிட்டாலும். இருவரும் மருந்தை முடிக்கும்வரை, ஒரே வேளை மருந்தானால் அதன்பின் 7 நாள், உறவு வேண்டாம். துணைவருக்குச் செய்யாமல் விட்டால் அதே தொற்று அதே வீட்டிலிருந்து திரும்பும். பலர் "மருந்து வேலை செய்யவில்லை" என்று நினைப்பது இதைத்தான். 3 மாதம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை உண்டு.

சொல்வது கடினம் என்று தெரியும். "எனக்கு இன்ஃபெக்ஷன், ரெண்டு பேருமே மாத்திரை போடணும்னு டாக்டர் சொன்னாங்க" என்று தொடங்கலாம். கிளமிடியா அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் தங்கும். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று பரிசோதனை சொல்லாது. சொன்னால் அடி விழும் என்ற பயம் இருந்தால் நீங்களாகச் சொல்ல வேண்டாம், ஆலோசகரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

எல்லாம் நெகட்டிவ், வலி மட்டும் இருக்கிறது

சரியான மாதிரி, சரியான நாள், உள் பரிசோதனை எல்லாம் முடிந்து நெகட்டிவ் என்றால் இனி ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள். தேடும் இடத்தை மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு மாத வலிக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, 0 முதல் 10 வரை வலியின் அளவு, தீட்டு நாள், மலம், மூத்திரம், உறவு, அன்று தூக்கிய சுமை. எந்த ஸ்கேனும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லிவிடும்.

தீட்டுக்கு முந்தைய நாட்களில் தொடங்கி, மலம் கழிக்கும்போதும் உறவிலும் ஆழமாக வலித்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) பற்றிக் கேளுங்கள். ஸ்கேன் நார்மல் என்பதால் அது இல்லை என்றாகாது. மூத்திரப்பை நிறையும்போது வலித்து, போனதும் குறைந்தால் மூத்திரப்பைக் கோளாறு. மலம் போனதும் குறைந்தால் குடல். தேயிலைத் தோட்டத்திலும் ஏலத்தோட்டத்திலும் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்க மூத்திரத்தை அடக்கி, தண்ணீரும் குடிக்காமல் இருக்கிற பெண்களுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பால்வினைத் தொற்று என்று நினைத்துப் பயப்படுவது உண்டு.

சிசேரியன், குடும்பக்கட்டுப்பாடு தழும்புப் பக்கத்தில் ஒரு விரலால் காட்டக்கூடிய வலியானால் இதைச் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை அழுத்திக்கொண்டு தலையையும் தோளையும் தூக்குங்கள். வலி கூடினால் அது வயிற்றுச் சுவரின் தசை அல்லது நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம், உள்ளுறுப்பு அல்ல.

இந்தியாவில் மறக்கக் கூடாதது கருப்பைக் காசநோய். குழந்தை தங்காமை, தீட்டு குறைந்துகொண்டே போவது, மாலைக் காய்ச்சல், எடை குறைவு சேர்ந்திருந்தால் கருப்பை உட்சுவரிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பாதி ஃபார்மலினில் பயாப்சிக்கு, மறு பாதி சலைனில் காசநோய்க் கல்ச்சருக்கும் சி.பி.நாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காசநோய் மருந்து அரசில் இலவசம்.

ஆண்களுக்கு விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அடிவயிற்றில், விந்து வெளியேறியபின் வரும் வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பெரும்பாலும் நாள்பட்ட இடுப்பு வலி நோய். மூத்திரப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் கிருமி இருப்பது அதில் சிறுபான்மை. கல்ச்சரில் கிருமி இல்லை, ஒரு சுற்று மருந்தில் பலனும் இல்லை என்றால் அடுத்த சுற்று சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் காரணமே இல்லை. அந்த வகை மருந்து தசைநாண்களைக் கெடுக்கவும் கூடும். மூட்டை தூக்குபவருக்குக் குடலிறக்கம் இருக்கிறதா, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் அடியில் கல் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கல் வலி விரைவரை இறங்கும். லாட்ஜில் ரூம் போட்டு "பால்வினை நோய், நரம்புத் தளர்ச்சி" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம். அங்கே பரிசோதனை கிடையாது, பயம்தான் முதலீடு.

இடுப்படித் தசை இறுகிப்போயிருப்பது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான காரணம். பயமே அதை மேலும் இறுக்கும். மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, நான்கு எண்ணும்வரை வயிறு உப்ப மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். இழுக்கும்போது மலவாய் தளர்ந்து இறங்குவதை உணர வேண்டும். காலை மாலை 10 நிமிடம், ஆறு வாரமாவது. வீடியோ பார்த்துக் கீகல் பயிற்சி (இடுப்படித் தசையைச் சுருக்கிப் பிடிப்பது) செய்யாதீர்கள். இறுகிய தசையை அது இன்னும் இறுக்கி வலியைக் கூட்டும். பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரிடம் கற்பது மேல்.

பயம் மட்டும் தங்கிவிட்டால்

பரிசோதனைகளின் பெயரையும், மேலே சொன்ன நாள் கணக்குப்படி கடைசித் தேதியையும் ஒரே தாளில் எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசித் தேதியும் கடந்துவிட்டால் வேறு லேபில் மறுபடி செய்வதால் புதிதாக எதுவும் தெரியாது. சுரப்பு வருகிறதா என்று ஆணுறுப்பை அடிக்கடி பிதுக்கிப் பார்த்தால் அதனாலேயே எரிச்சலும் நீர்க்கசிவும் வரும். சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவும் பெண்களுக்கு அதனாலேயே வெள்ளைப்படுதல் கூடும். இரண்டையும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை கெடும் அளவுக்குப் பயம் இருந்தால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், கட்டணமில்லை.

தொற்றுப் பரிசோதனையை மறுபடி தொடங்க வேண்டியது இவை வந்தால் மட்டும்: புதிய துணைவர், துணைவருக்குப் பாசிட்டிவ், பிறப்புறுப்பில் புண், சீழ் போன்ற சுரப்பு, உறவுக்குப் பின் இரத்தம், காய்ச்சலோடு வலி.